கழுத்தில் தொங்கிய கண்ணாடி

காளியப்பனின் கொழுந்தியா சந்திரமதி இருக்கிறாளே, அவள் வாய்க்குப் பூட்டுப் போட ஜொகூர் மாநிலத்தில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. வீட்டில் கேலி செய்தால் பரவாயில்லை. அக்காள் புருஷனைக் கொழுந்தியா கேலி செய்யாமல் வேறு யார் செய்வது? ஆனால் விதி, அவள் வேலை பார்ப்பதும் அதே ஃபேக்டரியில்தான். பத்து பாகாட் ஊருக்கு வெளியே, செம்பனைக் காடு முடிகிற இடத்தில், பாத்திரம் கழுவும் சவுக்காரத் தண்ணீர் தயாரிக்கும் ஃபேக்டரி. பதினெட்டு வருஷம் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்திருந்தவளைப் போன வருஷம் முதலாளி தவ்கே மூன்று நாள் பாதுகாப்புக் கோர்சுக்கு அனுப்பிவைத்தார். கிராணியாகப் போனவள் பச்சை மேல்சட்டை மாட்டிக்கொண்டு சேஃப்டியாகத் திரும்பி வந்தாள். அன்றோடு போயிற்று காளியப்பனின் நிம்மதி.

"அத்தான், அந்தக் கண்ணாடி கண்ணுக்கா, கழுத்துக்கா?"

காலையில் மிக்ஸிங் ரூம் வாசலில் நின்று தினமும் இதே கேள்விதான். கேட்கிறவளையும் குற்றம் சொல்ல முடியாது. ஃபேக்டரியில் கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடியைக் காளியப்பன் ரப்பர் வாரோடு கழுத்தில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார். அது கண்ணுக்கு ஏறி யாரும் பார்த்ததில்லை.

"கழுத்துக்கும் பாதுகாப்பு வேணும்லா. உங்க அக்காவக் கட்டினதிலேருந்து கழுத்துக்குத்தான் ஆபத்து."

"அக்காகிட்டச் சொல்றேன் இருங்க."

"சொல்லு, சொல்லு. இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொட்டியக் கலக்குறேன். நீ மூணு நாள் கோர்ஸ்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் இருபத்திரண்டு வருஷம் அந்த மிக்ஸிங் ரூமிலேயே கழிந்திருந்தது. ஊரில் சாப்பாட்டுக் கடைக்காரர்கள்கூட அவரை 'மிக்ஸிங் காளி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கலக்கினால் நுரை மாலை வரை நிற்கும் என்று பேர்.

அந்த நுரை வருவது சல்போனிக் ஆசிட்டிலிருந்து. மிக்ஸிங் ரூமில் அதற்குப் பேர் கருப்பு ஆசிட். பழுப்பு நிறத்தில் தேன் மாதிரி கெட்டியாக, சாதுவாக இருக்கும். காஸ்டிக் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் எண்ணெய்ப் பிசுக்கை வெட்டும் சவுக்காரமாக மாறிவிடும். கலப்பதற்கு முன்னால் தோலில் பட்டால் தோல் வெந்துபோகும். கண்ணில் பட்டால் கண்ணே போகலாம். இதன் பக்கத்தில் இன்னொரு பீப்பாய் இருக்கும். தேங்காய் எண்ணெயிலிருந்து செய்த சாமான், பேர் கொக்கோ. கடைசியில் கலவையைக் கெட்டியாக்குவதற்கு. அதுவும் பழுப்பு, அதுவும் கெட்டி. ஆனால் ஆசிட் அளவுக்குப் பொல்லாதது இல்லை. இரண்டும் ஒரே நீலப் பீப்பாயில் வரும்.

கண்ணாடி போடாததற்காகக் காளியப்பனுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாயிற்று. இரண்டிலும் கையெழுத்து சந்திரமதியுடையது. மூன்றாவது வந்தால் பேக்கிங் பக்கம் போய் போத்தலுக்கு மூடி திருக வேண்டும் என்று தவ்கே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மிக்ஸிங் காளி போய் மூடி திருகுவதா? அப்புறம் ஊரில் எப்படித் தலைகாட்டுவது?

அப்படியானால் கண்ணாடியைப் போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் சங்கடம். மனுஷனுக்குக் கிட்டத்தில் உள்ள எழுத்து தெரியவில்லை. நாலைந்து வருஷமாகவே தெரியவில்லை. பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு மலிவுக் கண்ணாடியைத் தூக்குச்சட்டி சுற்றும் துணிக்குள் ஒளித்து வைத்திருந்தார். யாரும் இல்லாத நேரத்தில் கக்கூஸுக்குக் கொண்டுபோய்ப் பேப்பர் படிப்பார். அதைப் போட்டுக்கொண்டு மேலே பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் உட்காராது. அதை விட்டு இதை மட்டும் போட்டால் கொஞ்ச நஞ்சம் தெரிவதும் வேர்த்து மங்கிவிடும். கண் போன ஆளுக்கு எதற்கு மிக்ஸிங் என்று தவ்கே கேட்டுவிட்டால்? அதனால் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை, பெண்டாட்டி வாசுகியிடம்கூட. வேலையெல்லாம் இடக்கணக்குதான். கதவுக்கு வலப்பக்கம் நிற்பது கொக்கோ, இடப்பக்கம் ஆசிட்.

சந்திரமதி மாதம் ஒரு தரம் எல்லோரையும் கூட்டி வைத்துப் பாடம் நடத்துவாள். ஒரு தடவை, பீப்பாயில் ஒட்டியிருக்கும் சிவப்புக் கட்டத்துப் படத்தைத் தூரத்திலிருந்தே காட்டி, "அத்தான், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், நீங்க சொல்லுங்க. ஒரு கை, அது மேல சொட்டுச் சொட்டா என்னமோ ஊத்துது. இது என்ன படம்?" என்று கேட்டாள்.

"கை கழுவச் சொல்ற படம்" என்றார் காளியப்பன். "சவுக்கார ஃபேக்டரியில வேற என்ன போடுவான்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஃபோர்க்லிப்ட் ஓட்டும் செல்வா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சந்திரமதிக்கே சிரிப்பு தாங்கவில்லை. "உங்களத் திருத்த முடியாது அத்தான்" என்றாள். எல்லோரும் எதற்கு இப்படிச் சிரிக்கிறார்கள் என்று காளியப்பனுக்குப் புரியவில்லை. இருந்தாலும் தானும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

பாடம் முடிந்ததும் ஒரு தாளை நீட்டுவாள். கருப்பு ஆசிட்டை எப்படிக் கையாள வேண்டும் என்று இங்கிலீஷில் வந்த விவரத்தை அவளே உட்கார்ந்து தமிழில் எழுதியது. காளியப்பன் தமிழ்ப் பள்ளியில் படித்தவர், படிக்கட்டும் என்று. அவள் விரல் வைத்த இடத்தில் அவர் கையெழுத்துப் போடுவார்.

"படிச்சீங்களா அத்தான்?"

"படிச்சேன்."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்தான்."

"ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?"

"நல்லாத்தான் எழுதியிருக்க. எழுத்து முத்து முத்தா இருக்கு."

அவள் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்ப்பாள். பிறகு தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். இப்படி ஆறு மாதம் நடந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜையை ஃபேக்டரியில் தடபுடலாகச் செய்தார்கள். முந்தின நாள் ஒரு தொட்டிச் சவுக்காரம் கலந்து, கொக்கோ மட்டும் சேர்க்காமல் நிறுத்தி வைத்தாயிற்று. விஜயதசமி காலையில் நல்ல நேரத்தில் கொக்கோவை ஊற்றி, அதையே முதல் வேலையாக முடிப்பது என்று காளியப்பனின் ஏற்பாடு. தவ்கே ஆரஞ்சுப் பழமும் பூவும் வாங்கிக் கொடுத்தார். செல்வா இரண்டு வாழைக்கன்று கொண்டுவந்து, ஒன்றைத் தூணிலும் இன்னொன்றை ஆசிட் பட்டால் கண் கழுவுவதற்கான குழாயிலும் கட்டினான். அந்தக் குழாய் வாசலுக்கு நேராக அழகாக நின்றது அவன் கண்ணில் பட்டிருக்கிறது.

"ஏண்டா, சாமிக்கு வேற எடமே கிடைக்கலயா? அவிழ்த்து அந்தாண்ட கட்டு" என்று சந்திரமதி நின்ற இடத்திலேயே அவிழ்க்க வைத்தாள்.

"வாழைமரத்துக்கே வார்னிங் லெட்டர் கொடுத்துட்டா பாரு" என்றார் காளியப்பன்.

அவள் சாமி படத்துக்கு முன்னால் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பின்பக்கம் செல்வாவும் காளியப்பனும் ஒரு காரியம் செய்தார்கள். பீப்பாய்களை வெளியே தள்ளிவந்து, பிரஷர் ஹோஸ் வைத்து அடித்துக் கழுவினார்கள். அழுக்கோடு சேர்ந்து லேபிளும் கீற்றுக் கீற்றாகக் கிழிந்து போயிற்று. மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது சிவப்புக் கட்டம் போட்ட துண்டுகள்தான். காளியப்பன் கண்ணுக்கு நாலு மூலையும் நடுவில் இடமுமாக, சந்தனம் வைப்பதற்கென்றே அச்சடித்தது போல அவை இருந்தன. காளியப்பன் பக்தியோடு ஒவ்வொன்றிலும் விபூதியைக் குழைத்துப் பட்டை போட்டு, நடுவில் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தார். எல்லா நீலப் பீப்பாயும் ஒரே சாமியின் பிள்ளைகளாகிவிட்டன. தரை காயட்டும் என்று அவற்றை இரவு முழுக்க வெளியிலேயே விட்டார்கள். மறுநாள் காலை ஏழு மணியிலிருந்து அந்தப் பக்கம் வெயில் கொளுத்தும். ஒன்பதே முக்காலுக்குத்தான் செல்வா உள்ளே கொண்டுவந்து அடுக்கினான். எது எந்தப் பக்கம் நின்றது என்று அவன் எங்கே பார்த்தான்?

விஜயதசமி காலையில் பூஜையில் வைத்த சாமான்களை எடுத்து வேலையைத் தொடங்க வேண்டும். செல்வா ஃபோர்க்லிப்ட் சாவியை எடுத்தான். பேக்கிங் பெண்கள் கத்திரியையும் டேப்பையும் எடுத்தார்கள். காளியப்பன் பீப்பாய் திறக்கும் ஸ்பேனரை எடுக்கப் போனார். அதன் பக்கத்தில் ஒரு புதுப் பாதுகாப்புக் கண்ணாடி, சந்தனப் பொட்டோடும் ஒரு ரோஜாவோடும் உட்கார்ந்திருந்தது.

"இது யாருது?"

"உங்களுதுதான் அத்தான். உங்க பேருலதான் வச்சேன்" என்றாள் சந்திரமதி, ஊருக்கே கேட்கிற மாதிரி. "பூஜையில வச்சத மொதல் வேலைக்குப் போடாம விட்டா சாமிக் குத்தம். இல்லயா அக்காமாருங்களா?"

"ஆமா, ஆமா!" என்றது பேக்கிங் பக்கம் முழுவதும்.

அலமாக், நன்றாக மாட்டிக்கொண்டார் மனுஷன். சேஃப்டியோடு மல்லுக்கட்டலாம், சாமியோடு கட்ட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்து மாட்டினார். மாட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். கையில் இருந்த ஸ்பேனரில் எண் தெரிந்தது. உள்ளங்கை ரேகைக்குள் ஒட்டிய விபூதி தெரிந்தது. மேல்பாதி சாதாக் கண்ணாடி, கீழ்ப்பாதி பவர். அவருடைய பவர், அச்சு அசலாக. நிமிர்ந்து சந்திரமதியைப் பார்த்தார். அவள் தோரணத்தைச் சரிசெய்வதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குச் சுரீரென்று பட்டது. காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கப் போகிறாள் என்று பயந்து, விறுவிறுவென்று மிக்ஸிங் ரூமுக்குள் போனார்.

பத்தரை மணியோடு நல்ல நேரம் முடிகிறது. கதவுக்கு வலப்பக்கம், கொக்கோ. கொக்கோதானே என்ற தைரியம். ஆசிட்டாக இருந்தால், வெயிலில் நின்ற பீப்பாயைக் கால் திருகு திருகி, காற்றுப் போகவிட்டு, அப்புறம்தான் திறப்பார். இதை ஒரே இழுப்பில் திருகினார்.

உஸ்ஸென்று சீறி, மூடி எகிறிப் பழுப்புத் துளிகள் முகத்தில் தெறித்தன. வலது கண்ணுக்கு நேராகக் கண்ணாடியில் விழுந்த ஒரு பெரிய துளி, மெதுவாக வழிந்தது. கன்னத்தில் ஒரு பொட்டு இடம் நெருப்பாக எரிந்தது. அந்த எரிச்சலிலேயே தெரிந்துவிட்டது, இது கொக்கோ இல்லை.

"ஐயோ அத்தான்!"

அவள் எப்படி வந்தாள் என்று அவருக்குத் தெரியாது. கண்ணாடியைப் பிடுங்கப் போன அவர் கையை ஓங்கி அடித்தாள். "கழட்டாதீங்க! மொதல்ல தண்ணி! அப்புறம் கழட்டலாம்!" பிடரியில் கைவைத்து, குழந்தைக்குத் தலை முழுக்காட்டுவதுபோலக் குழாயில் அழுத்தினாள். முகமெல்லாம் கழுவி ஓடிய பிறகுதான் கண்ணாடியைக் கழற்றவிட்டாள். மறுபடி தண்ணீர். செல்வா பதறிப்போய், தரையில் சிந்தியதைக் கழுவ ஹோஸை இழுத்து வந்தான். "தண்ணி அடிக்காதடா! நுரை பொங்கி ஆளு வழுக்கி விழுவாங்க, காவாய்க்குப் போனா மீனெல்லாம் செத்துப்போகும். மணலக் கொட்டு!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"போதும் மதி. எரிச்சல் நின்னுபோச்சு."

"ஆறு நிமிஷம்தான் ஆச்சு. பதினஞ்சு."

"வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கு. நாளைக்கும் வந்து குளிக்கிறேன்."

பதில் வரவில்லை. கொழுந்தியா பதில் சொல்லாமல் விட்டது அவருக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு கையில் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"கண்ணுல படலம்மா. உன் கண்ணாடிதான் காப்பாத்துச்சு" என்றார்.

"என் கண்ணாடி இல்ல. அக்காவோடது. போன மாசம் ஒரு நாள் உங்க தூக்குச்சட்டித் துணியில இருந்த கண்ணாடியக் காணோம்னு தேடல? அக்காதான் எடுத்துட்டுப் போயி, டவுன்ல கடையில காட்டி, பவர் பாத்துச் செய்யச் சொன்னுச்சு. நீங்க வெக்கப்படுவீங்கன்னு என்னை வச்சுக் குடுக்கச் சொல்லுச்சு."

காளியப்பன் தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். வாசுகி காலையில் தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்தபோது ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்தார். நினைக்க நினைக்க அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

பதினைந்து நிமிஷம் முடிகிற நேரத்தில் தவ்கே ஓடிவந்துவிட்டார். கிளினிக்குக்கு வேன் தயாராகட்டும் என்றவர், ஆசிட்டை எப்படிக் கொக்கோ என்று நினைத்துத் திறந்தாய் என்று மலாயில் கேட்டார். காளியப்பன் வாயைத் திறப்பதற்குள் செல்வா, "நான்தான் தவ்கே எடம் மாத்தி வச்சிட்டேன்" என்றான். "நான் நேத்து பின்பக்கம் வந்து பாக்கல. லேபிள் போனது என் தப்பு" என்றாள் சந்திரமதி. காளியப்பன் தப்பித்துக்கொள்ள அதுவே போதும். வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறினால், மூன்றாவது கடிதமும் இல்லை, மூடி திருகவும் வேண்டாம்.

ஆனால் அவர், சந்திரமதி கழுவி வைத்திருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கையுறை போட்டு, ஈரத்துணியால் அந்தப் பீப்பாயில் தான் போட்ட பட்டையைத் துடைத்தார். விபூதியும் சந்தனமும் போனதும் சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு கை தெரிந்தது. மேலிருந்து அதன்மேல் ஏதோ சொட்டுகிறது. கிட்டப் போய்ப் பார்த்தார். சொட்டிய இடத்தில் அந்தக் கை அரித்துப்போய்க் குழியாகியிருந்தது.

"மதி, இந்தக் கை வெந்துபோயி இருக்கே."

"ஆமா அத்தான்."

"இது கை கழுவச் சொல்ற படம் இல்லயா?"

செல்வாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. சந்திரமதியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். அன்றைக்கு அத்தான் கேலி செய்யவில்லை, நிஜமாகவே அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

காளியப்பன் தவ்கே பக்கம் திரும்பினார். "தவ்கே, மாத்தா தா நம்பா" என்றார். கண் தெரியவில்லை என்று அவரிடம் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. "இந்தப் படம் எனக்குத் தெரிஞ்சதே இல்ல. எடத்தப் பாத்துத்தான் எடுத்தேன். இவங்க மேல தப்பு இல்ல."

தவ்கே, கண் தெரியாத ஆளை மிக்ஸிங் ரூமுக்குள் விட முடியாது என்றார். இப்போது தெரிகிறதா என்று தவ்கே கேட்டார். தெரிகிறது என்றார். அப்படியானால் அந்தத் தாளைப் படித்துக் காட்டு, இவளிடம் மாதாமாதம் கையெழுத்துப் போட்டாயே அதை, தலை முதல் கால் வரை படி, ஓர் எழுத்து விட்டாலும் நாளையிலிருந்து பேக்கிங் என்றார்.

சந்திரமதி, "தவ்கே, அது வேணாமே" என்று இழுத்தாள். அவர் கேட்கவில்லை. அவள் தயங்கித் தயங்கி ஃபைலிலிருந்து தாளை உருவிக் கொடுத்தாள்.

காளியப்பன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிமிர்ந்து நின்று படித்தார். "கண்ணாடி, கையுறை, ஏப்ரன் இல்லாமல் திறக்கக் கூடாது. சூடான பீப்பாயை மெதுவாகத் திறக்கவும். குடிதண்ணீர் போத்தலில் ஊற்றி வைக்கக் கூடாது. லேபிள் இல்லாத பீப்பாயைத் தொடக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வை போகும். பதினைந்து நிமிடம் விடாமல் கழுவி, உடனே டாக்டரிடம் போகவும்." ஓரிடத்திலும் தட்டவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் நின்றார். அதையும் படித்தார்.

"இதைக் கடைசி வரை படித்த அத்தான் எனக்கு ஒரு கிளாஸ் தே தாரிக் வாங்கித் தரவும்."

அதன் கீழே அவருடைய கையெழுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு. முதல் கையெழுத்தின் வால் 'தே தாரிக்' மேலேயே ஏறிப் போயிருந்தது.

"மொதல்ல சோம்பேறித்தனம்னுதான் நெனச்சேன்" என்றாள் சந்திரமதி, தரையைப் பார்த்துக்கொண்டு. "மாசாமாசம் ஒரு தே தாரிக்குக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். ஆறாவது மாசந்தான் பயம் வந்துச்சு. அப்புறம்தான் அக்காகிட்டப் போயி கேட்டேன்."

காளியப்பன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தவ்கே தலையை ஆட்டி, மிக்ஸிங் ரூம் பக்கம் கையைக் காட்டிவிட்டு, முதலில் கிளினிக்குக்குப் போகச் சொன்னார்.

வேனில் முன்னால் ஏறி உட்கார்ந்ததும் காளியப்பன் வண்டியை எடுத்த செல்வாவிடம், "கிளினிக் முடிஞ்சதும் முக்கு டீக்கடையில நிறுத்து. ஒரு தே தாரிக் வாங்கணும். அப்புறம் வீட்டுக்கு விடு, உங்க அண்ணியப் பாக்கணும்" என்றார்.

வண்டி செம்பனைக் காட்டைத் தாண்டியது. பின்சீட்டிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு சந்திரமதி கேட்டாள்:

"அத்தான், அந்தக் கண்ணாடி கண்ணுக்கா, கழுத்துக்கா?"

காளியப்பன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.